ஆபத்தை அறியும் உரிமை

தேர்வுக் கட்டணம் செலுத்தக் கடைசி நாள், விடுதி உணவுக் கட்டண உயர்வு, பட்டமளிப்பு விழா ஒத்திகை, நூலகம் மூடப்படும் நாள்கள் என்று ஒரு பல்கலைக்கழகத்தின் பதிவாளர் அலுவலகத்திலிருந்து புறப்படும் சுற்றறிக்கைகளுக்கு எந்நாளும் குறைவிருப்பதில்லை. ஆனால், நேற்றிரவு விடுதிக்குப் பின்புறச் சாலையில் ஒரு மாணவி தாக்கப்பட்டார் என்றோ, ஆயுதம் ஏந்திய ஒருவன் வளாகத்துக்குள் இருக்கக்கூடும் என்றோ சொல்ல வேண்டிய வேளை வரும்போது அதே அலுவலகம் தயங்குகிறது, கூட்டம் கூட்டுகிறது, வாசகத்தைத் திருத்தித் திருத்தி எழுதுகிறது, காவல்துறை சொல்லட்டும் என்று காத்திருக்கிறது. இத்தயக்கத்தின் விலை மனித உயிர் என்பதைப் பட்டறிந்து, அதைச் சட்டத்தால் உடைக்க முயன்ற நாடு அமெரிக்கா. 1986-லும் 2007-லும் அந்நாட்டின் இரு வளாகங்களில் நிகழ்ந்த கொடுமைகளும், அவற்றையொட்டி உருவாகித் திருத்தப்பட்டுவரும் கிளெரி சட்டமும், பல்கலைக்கழக நிர்வாகம் தன் மாணவர்களுக்கு எதை, எப்போது, எப்படிச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது என்ற கேள்விக்கு இதுவரை கிடைத்துள்ள மிக விரிவான விடையாக நிற்கின்றன.

அந்த விடையின் சாரம் எளிமையானது. ஒரு வளாகத்தில் நிலவும் ஆபத்தைப் பற்றிய செய்தி அங்கே நடமாடுவோருக்கு உரியது. நிர்வாகம் அச்செய்தியை முதலில் பெறும் பொறுப்பாளரேயன்றி அதன் உடைமையாளர் அன்று.

பெத்லஹேமில் மறைக்கப்பட்ட கணக்கு

பென்சில்வேனியா மாநிலத்தின் பெத்லஹேம் நகரில் உள்ள லீஹை பல்கலைக்கழகத்தின் ஸ்டௌட்டன் விடுதியில், 1986 ஏப்ரல் 5 அன்று விடியுமுன், தன் அறையில் உறங்கிக்கொண்டிருந்த ஜீன் கிளெரி என்ற 19 வயது முதலாண்டு மாணவி, அதே பல்கலைக்கழகத்தின் மாணவன் ஒருவனால் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டுக் கொலை செய்யப்பட்டார். கொலையாளி அந்த விடுதியில் தங்கியிருந்தவன் அல்லன். சாத்தினால் தாமாகவே பூட்டிக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருந்த கதவுகள், வந்துபோவோரின் வசதிக்காகப் பீட்சா அட்டைப்பெட்டிகள் முட்டுக் கொடுக்கப்பட்டுத் திறந்து கிடந்தன. அந்த வழியாகவே அவன் உள்ளே நுழைந்தான். பூட்டு இருந்தது, கதவு இருந்தது, விதியும் இருந்தது. கதவைத் திறந்துவைப்பதால் என்ன நேரக்கூடும் என்று அங்கே தங்கியிருந்தவர்கள் எண்ணிப் பார்ப்பதற்கான தகவல் மட்டும் இல்லை.

மகளை இழந்த கானி, ஹவர்ட் கிளெரி தம்பதியர், அந்தக் கொலைக்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் லீஹை வளாகத்தில் 38 வன்முறைக் குற்றங்கள் நிகழ்ந்திருந்தன என்பதையும், அவை மாணவர்களுக்கோ பெற்றோருக்கோ தெரிவிக்கப்படவில்லை என்பதையும் பின்னர் அறிந்தனர். அவர்களுடைய மகன்கள் படித்தது நியூ ஆர்லியன்ஸ் நகரின் டுலேன் பல்கலைக்கழகத்தில். மகளும் அங்கேயே சேர எண்ணியிருந்தபோது, அப்பல்கலைக்கழகத்தின் மாணவி ஒருவர் வளாகத்துக்கு வெளியே கொலையுண்ட செய்தி தெரியவந்ததால், பாதுகாப்பான இடம் என்று கருதி லீஹையைத் தேர்ந்தெடுத்தனர். இந்த ஒரு விவரத்தில் சிக்கலின் முழு இயல்பும் அடங்கியிருக்கிறது. குற்றம் வெளியே தெரிந்த இடத்தை விட்டு விலகி, குற்றம் வெளியே தெரியாத இடத்துக்குப் பெற்றோர் போகின்றனர். உண்மையைச் சொல்லும் நிறுவனம் மாணவர்களை இழக்கிறது, மறைக்கும் நிறுவனம் நற்பெயரோடு வளர்கிறது. எனவே, தகவலை வெளியிடுவதை அந்தந்த நிர்வாகத்தின் மனச்சான்றுக்கு விட்டுவிட்டால் எந்த நிர்வாகமும் முதலில் வாய் திறக்காது. எல்லோரும் ஒரே அளவுகோலில், ஒரே நாளுக்குள் சொல்லியாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால்தான் சொல்பவருக்கு இழப்பு இராது.

பல்கலைக்கழகத்தின் மீது வழக்குத் தொடுத்து, சமரசமாகக் கிடைத்த தொகையைக் கொண்டு வளாகப் பாதுகாப்புக்கான அமைப்பு ஒன்றை நிறுவிய அத்தம்பதியர், சட்டமன்றங்களின் படியேறத் தொடங்கினர். 1988-இல் பென்சில்வேனியா இத்தகைய முதல் மாநிலச் சட்டத்தை இயற்றியது. 1990 நவம்பரில் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் கையொப்பமிட்ட கூட்டாட்சிச் சட்டம், 1998-இல் ஜீன் கிளெரியின் பெயரைப் பெற்றது.

சட்டம் கேட்பது என்ன?

கூட்டாட்சி அரசின் மாணவர் நிதியுதவித் திட்டங்களில் பங்குபெறும் கல்லூரிகள், பல்கலைக்கழகங்கள் அனைத்துக்கும், அவை அரசுடையவையானாலும் தனியாருடையவையானாலும், இச்சட்டம் பொருந்தும். நிதியுதவி இல்லாமல் அங்கே பெரும்பாலான கல்வி நிறுவனங்கள் இயங்க இயலாது என்பதால், ஏறத்தாழ எல்லா நிறுவனங்களும் இதன் வரம்புக்குள் வந்துவிடுகின்றன. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 1-க்குள் ஆண்டுப் பாதுகாப்பு அறிக்கை என்ற ஆவணத்தை வெளியிட வேண்டும். முந்தைய மூன்று நாள்காட்டி ஆண்டுகளில் வளாகத்திலும், விடுதிகளிலும், நிறுவனத்துக்குச் சொந்தமான வெளியிடங்களிலும், வளாகத்தை ஒட்டிய பொதுச் சாலைகளிலும் பதிவான கொலை, பாலியல் குற்றம், கொள்ளை, கொடுந்தாக்குதல், புகுந்து திருடுதல், வாகனத் திருட்டு, தீவைப்பு ஆகியவற்றின் எண்ணிக்கையை அதில் தர வேண்டும். வளாகக் காவல் பிரிவு வைத்திருக்கும் இடங்களில் அன்றாடக் குற்றப் பதிவேடு ஒன்று பேணப்பட வேண்டும். புகார் வந்த இரண்டு பணி நாள்களுக்குள் குற்றத்தின் தன்மை, நாள், நேரம், பொதுவான இடம், அதன் நிலை ஆகியவை அதில் ஏற வேண்டும். கடைசி 60 நாள்களின் பதிவுகளை, மாணவரோ பத்திரிகையாளரோ அந்தத் தெருவில் குடியிருப்பவரோ, யார் கேட்டாலும் அலுவல் நேரத்தில் காட்ட வேண்டும். விடுதித் தீவிபத்துகளுக்கும் தனிப் பதிவேடு உண்டு.

காவலரிடம் போய்ச் சொல்லும் மாணவர்கள் சிலரே என்பதை உணர்ந்து, புகாரைக் கேட்டறிய வாய்ப்புள்ள பிறரையும் சட்டம் பொறுப்பாளராக்குகிறது. மாணவர் நலத் தலைவர், விடுதிக் காப்பாளர், விளையாட்டுப் பயிற்சியாளர் முதலியோர் தம் காதுக்கு வரும் குற்றங்களைக் கணக்கில் சேர்க்குமாறு தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள். உளநல ஆலோசகர்களும் சமயப் பணியாளர்களும் அப்பணியைச் செய்யும்போது இதிலிருந்து விலக்குப் பெற்றவர்கள். துயருற்றவர் அஞ்சாமல் பேசுவதற்கு ஓரிடமாவது இருக்க வேண்டும் என்பதால் தரப்பட்ட இந்த விலக்கு, சட்டத்தை வரைந்தவர்கள் மனிதரை அறிந்தே வரைந்தனர் என்பதற்குச் சான்று.

இவையெல்லாம் நடந்து முடிந்தவற்றின் கணக்கு. சட்டத்தின் உயிர்நாடி இன்னொரு கடமையில் இருக்கிறது. பதிவான ஒரு குற்றம் மாணவர்களுக்கும் பணியாளர்களுக்கும் கடுமையான அல்லது தொடரும் அச்சுறுத்தலாக இருக்குமாயின், அவர்கள் தம்மைக் காத்துக்கொள்ள உதவும் வகையில், பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடாமல், உரிய நேரத்தில் எச்சரிக்கை தர வேண்டும் என்பதே அது. உரிய நேரம் என்றால் எத்தனை நிமிடம், எத்தனை மணி நேரம் என்று சட்டம் வரையறுக்கவில்லை. அந்த வரையறுக்கப்படாத சொல்லின் மீதுதான் 2007-இல் ஒரு பல்கலைக்கழகம் தடுக்கி விழுந்தது.

பிளாக்ஸ்பர்க்: 7.15 முதல் 9.51 வரை

வர்ஜீனியா மாநிலத்தின் பிளாக்ஸ்பர்க் ஊரில் உள்ள வர்ஜீனியா டெக், நூற்றுக்கு மேற்பட்ட கட்டடங்கள் கொண்ட, ஒரு சிற்றூருக்கு நிகரான வளாகம். 2007 ஏப்ரல் 16 திங்கட்கிழமை காலை 7.15 மணி அளவில், ஏறத்தாழ 900 மாணவர்கள் தங்கும் வெஸ்ட் ஆம்ப்ளர் ஜான்ஸ்டன் விடுதியில் ஒரு மாணவியும் விடுதி உதவியாளராக இருந்த ஒரு மாணவரும் சுடப்பட்டனர். ஆயுதம் கிடைக்கவில்லை, சுட்டவனும் பிடிபடவில்லை, இரத்தம் தோய்ந்த காலடித் தடங்கள் அறையை விட்டு வெளியே சென்றிருந்தன. மாணவியின் ஆண் நண்பர் துப்பாக்கி வைத்திருப்பவர் என்ற தகவல் கிடைத்ததும், இது இருவருக்கிடையிலான சொந்தப் பிணக்கு, சந்தேகத்துக்குரியவர் வளாகத்தை விட்டுப் போயிருப்பார் என்ற முடிவுக்குக் காவலர்கள் விரைந்து வந்தனர். அம்முடிவு தவறானது. அந்த நண்பருக்கும் கொலைக்கும் எத்தொடர்பும் இல்லை.

நெருக்கடி வேளைகளில் முடிவெடுக்கும் உயர் அலுவலர்களைக் கொண்ட கொள்கைக் குழு, துணைவேந்தருக்கு நிகரான தலைவர் பதவியில் இருந்தவரின் தலைமையில் 8.25 அளவில் கூடியது. எச்சரிக்கை அனுப்புவதற்கான தொழில்நுட்ப வசதி வளாகக் காவல்துறையின் கையில் இல்லை. காவல்துறை கொள்கைக் குழுவுக்குச் சொல்ல வேண்டும், குழு வாசகத்தை முடிவு செய்ய வேண்டும், அதன் பிறகு அனுப்பும் அதிகாரம் பெற்ற ஓரிரு அலுவலர்கள் அனுப்ப வேண்டும் என்பதே நடைமுறை. 8.45 அளவில் குழுவைச் சேர்ந்த அலுவலர் ஒருவர், தலைநகர் ரிச்மண்டில் ஆளுநர் அலுவலகத்தில் பணியாற்றிய தமக்கு அறிமுகமானவருக்கு, துப்பாக்கியுடன் ஒருவன் உலவுகிறான், இச்செய்தியை இப்போதைக்கு வெளியிடக் கூடாது என்ற பொருள்பட மின்னஞ்சல் அனுப்பினார். நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தவருக்குத் தெரிந்த செய்தி, அந்நேரத்தில் வகுப்புக்கு நடந்து சென்றுகொண்டிருந்த ஆயிரக்கணக்கான மாணவர்களுக்குத் தெரியாது. முதல் கொலைகள் நடந்த அதே விடுதியில் தங்கியிருந்த இருவர், தடையின்றி வெளியேறி 9.05 மணி பிரெஞ்சு வகுப்புக்குச் சென்றனர், இருவரும் திரும்பவில்லை.

9.26-க்கு அனைவருக்கும் முதல் மின்னஞ்சல் சென்றது. அந்த விடுதியில் துப்பாக்கிச் சூட்டுச் சம்பவம் ஒன்று நிகழ்ந்துள்ளது, காவல்துறை விசாரித்து வருகிறது, எச்சரிக்கையுடன் இருங்கள், ஐயத்துக்குரிய எதையும் தெரிவியுங்கள் என்பதே அதன் சாரம். உயிர்கள் பறிபோயின என்ற செய்தியும் அதில் இல்லை, சுட்டவன் பிடிபடவில்லை என்ற செய்தியும் இல்லை. சம்பவம் என்ற சொல் அலுவலக மொழியின் அடைக்கலம். கை தவறி வெடித்த துப்பாக்கியும் சம்பவம்தான், கொலையும் சம்பவம்தான். படித்தவர்களில் எத்தனை பேர் அந்த வாசகத்தைக் கண்டு தம் வகுப்பை நிறுத்தியிருப்பார்கள்?

அதற்குள் கொலையாளி தன் அறைக்குத் திரும்பி உடை மாற்றிக்கொண்டு, ஊர் அஞ்சல் நிலையத்துக்குச் சென்று, ஒரு தொலைக்காட்சி நிறுவனத்துக்குத் தன் காணொளிகள் அடங்கிய பொதியை அனுப்பிவிட்டு, நாரிஸ் கூடத்துக்கு வந்து அதன் வாயிற்கதவுகளை உள்ளிருந்து சங்கிலியால் பிணைத்திருந்தான். 9.40 அளவில் சுடத் தொடங்கினான். வளாகத்தில் துப்பாக்கியுடன் ஒருவன் இருக்கிறான், கட்டடங்களை விட்டு வெளியேறாதீர்கள் என்று தெளிவாகச் சொன்ன இரண்டாம் மின்னஞ்சல் 9.50-க்குப் புறப்பட்டபோது, உள்ளே ஏறத்தாழ எல்லாம் முடிந்திருந்தது. 9.51 அளவில் அவன் தன்னைத் தானே சுட்டுக்கொண்டான். அன்று காலை விடுதியிலும் நாரிஸ் கூடத்திலுமாக அவன் கொன்றவர்கள் 32 பேர்.

அவர்களுள் ஒருவர் கோபிசெட்டிபாளையத்தை அடுத்த கரட்டடிபாளையத்தைச் சேர்ந்த பேராசிரியர் ஜி. வி. லோகநாதன். கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியிலும் கான்பூர் ஐ.ஐ.டி.யிலும் படித்து, பர்டியூ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, ஏறத்தாழ கால் நூற்றாண்டு வர்ஜீனியா டெக்கில் குடிசார் பொறியியல் கற்பித்த அவர், மழையும் ஆறும் நிலத்தடி நீரும் இயங்கும் முறையை ஆராயும் நீரியல் துறையில் வல்லவர். கற்பித்தலுக்காகப் பல்கலைக்கழகத்தின் விருதுகளைப் பெற்றவர். நாரிஸ் கூடத்தின் 206-ஆம் அறையில் உயர்நிலை நீரியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது அவரும் அவருடைய மாணவர்களில் 9 பேரும் கொல்லப்பட்டனர். அருகிலிருந்த 204-ஆம் அறையில், யூதப் பேரழிவிலிருந்து தப்பிப் பிழைத்தவரான முதிய பேராசிரியர் லிவியு லிப்ரெஸ்கு கதவைத் தம் உடலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மாணவர்களைச் சன்னல் வழியே குதிக்கச் சொன்னார். அவர்களில் பெரும்பாலோர் பிழைத்தனர், அவர் பிழைக்கவில்லை. சில நொடி முன்னறிவு கிடைத்த அறையில் என்ன செய்ய முடிந்தது என்பதற்கு அந்த அறையே சாட்சி. இரண்டு மணி நேர முன்னறிவு எத்தனை பேரை வீட்டிலேயே இருக்கச் செய்திருக்கும் என்று கணக்கிட எவராலும் இயலாது. ஆனால் ஒருவரைக்கூடக் காத்திருக்காது என்று வாதிடுவது நேர்மையாகாது.

நிர்வாகத்தின் தரப்பையும் சொல்லியாக வேண்டும். அத்தனை பெரிய வளாகத்தை ஒரு பள்ளிக்கூடத்தைப் பூட்டுவதுபோலப் பூட்டிவிட முடியாது என்பதை ஆளுநர் அமைத்த ஆய்வுக் குழுவே 2007 ஆகஸ்டு அறிக்கையில் ஏற்றுக்கொண்டது. ஆனால் அதே அறிக்கை, இருவர் கொல்லப்பட்டனர், அனைவரும் விழிப்புடன் இருங்கள் என்று அப்போதே அறிவிக்காதது தவறு என்றும் கூறியது. பூட்டுவது வேறு, சொல்வது வேறு. வளாகத்தைப் பூட்ட இயலாது என்பது சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் ஆகாது; சொல்லப்போனால், பூட்ட இயலாத இடத்தில்தான் சொல்லின் தேவை மிகுதி.

அமெரிக்கக் கல்வித் துறை 2010 டிசம்பரில் வர்ஜீனியா டெக் கிளெரி சட்டத்தை மீறியது என்று முடிவு செய்து, அடுத்த ஆண்டு 55,000 டாலர் அபராதம் விதித்தது. ஒரு மீறலுக்கு அன்று விதிக்கக்கூடிய உச்ச அளவு 27,500 டாலர், மீறல்கள் இரண்டு. எச்சரிக்கை உரிய நேரத்தில் தரப்படவில்லை என்பது ஒன்று. எச்சரிக்கையை யார் அனுப்புவார் என்று அச்சிட்டு வழங்கிய கொள்கையும் உண்மையில் நிலவிய நடைமுறையும் வேறுவேறாக இருந்தன என்பது மற்றொன்று. 2012-இல் நிர்வாகத் தீர்ப்பாய நீதிபதி பல்கலைக்கழகத்தை விடுவித்தார். கல்வித் துறைச் செயலர் அவ்விடுவிப்பை மாற்றினார். முடிவில் தொகை 32,500 டாலராக நின்றது. உயிரிழந்த இரு மாணவியரின் பெற்றோர் தொடுத்த வழக்கில் 2012-இல் நடுவர் குழு பல்கலைக்கழகத்தின் கவனக்குறைவை உறுதி செய்தபோதிலும், அன்றைய சூழலில் இன்னொருவன் செய்யப்போகும் குற்றத்தை முன்கூட்டி எதிர்பார்த்து எச்சரிக்கும் கடமை சட்டப்படி எழவில்லை என்று கூறி வர்ஜீனியா உச்ச நீதிமன்றம் 2013-இல் அத்தீர்ப்பை நீக்கியது. நீதிமன்றத்தில் பல்கலைக்கழகம் வென்றது என்பது உண்மை. நடைமுறையில் அதன் பழைய வழி தோற்றது என்பதும் உண்மை.

அதன் பின் மாறியவை

2008-இல் இயற்றப்பட்ட உயர்கல்வி வாய்ப்புச் சட்டம், முன்னர் சொன்ன எச்சரிக்கைக் கடமைக்கு மேலாக, அவசர அறிவிப்பு என்ற இரண்டாவது கடமையைச் சேர்த்தது. உடனடி அச்சுறுத்தல் ஒன்று இருப்பது உறுதியானவுடன், அது துப்பாக்கியாயினும் சூறாவளியாயினும் வாயுக் கசிவாயினும் தொற்றுநோயாயினும், தாமதமின்றி அறிவிக்க வேண்டும். அறிவிப்பே மீட்புப் பணியைக் கெடுக்கும் என்றால் மட்டுமே பொறுத்திருக்கலாம். யார் முடிவெடுப்பார், யார் வாசகத்தை எழுதுவார், எந்த வழிகளில் அனுப்பப்படும் என்பதை முன்கூட்டியே வெளியிட்டு, ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஒத்திகை பார்க்க வேண்டும்.

வர்ஜீனியா டெக்கிலேயே இதன் பயன் தெரிந்தது. 2011 டிசம்பர் 8 அன்று அதன் வளாகக் காவலர் ஒருவர் வாகன நிறுத்துமிடத்தில் சுட்டுக்கொல்லப்பட்டபோது, சில நிமிடங்களிலேயே குறுஞ்செய்தியாகவும் மின்னஞ்சலாகவும் எச்சரிக்கை சென்றது. 2007 நிகழ்வுக்கான அபராதத்தை எதிர்த்து அப்பல்கலைக்கழகம் வாஷிங்டனில் வாதிட்டுக்கொண்டிருந்த அதே நாளில் அது நடந்தது.

அபராதத் தொகைகளும் வளர்ந்தன. பயிற்சியாளர் ஒருவரின் சிறார் வன்கொடுமைகள் தொடர்பில் பென் ஸ்டேட் 2016-இல் ஏறத்தாழ 24 லட்சம் டாலரும், மருத்துவர் ஒருவரின் குற்றங்கள் தொடர்பில் மிச்சிகன் ஸ்டேட் 2019-இல் 45 லட்சம் டாலரும், லிபர்ட்டி பல்கலைக்கழகம் 2024-இல் 1 கோடியே 40 லட்சம் டாலரும் செலுத்த நேர்ந்தது. 2024 டிசம்பரில் செய்யப்பட்ட திருத்தம், புதிதாகச் சேரும் மாணவரைத் துன்புறுத்தும் வழக்கத்தையும் அறிவிக்க வேண்டிய குற்றமாக்கி, சட்டத்துக்கு ஜீன் கிளெரி வளாகப் பாதுகாப்புச் சட்டம் என்று புதுப்பெயர் சூட்டியது.

ஆயினும் எண்ணிக்கையை வெளியிடுவதாலேயே உண்மை வெளிவந்துவிடுவதில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழக மகளிர் சங்கம் 2015-ஆம் ஆண்டின் புள்ளிவிவரங்களை ஆராய்ந்தபோது, நூற்றுக்கு 89 வளாகங்கள் ஒரு பாலியல் வன்புணர்வுப் புகாரைக்கூடக் காட்டவில்லை. அங்கே குற்றம் நிகழவில்லை என்பதைவிட, சொல்ல முன்வந்தவரோ கேட்டுப் பதிந்தவரோ இல்லை என்பதே இதன் பொருள். சுழியம் காட்டும் வளாகத்தைப் பார்த்து மகிழாமல் ஐயுறக் கற்க வேண்டும். புகார்களின் எண்ணிக்கை கூடும் வளாகத்தில், புகாரைக் கேட்க ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கையும் கூடியிருக்கக்கூடும்.

மிகையான அறிவிப்பும் தீங்கு செய்கிறது. நாள்தோறும் வரும் செய்தியை எவரும் படிப்பதில்லை. 2025 ஆகஸ்டில் வில்லனோவா உள்ளிட்ட பல வளாகங்களுக்குத் துப்பாக்கிச் சூடு நடப்பதாகப் பொய்யான தொலைபேசி அழைப்புகள் வந்தன. அவற்றை நம்பி எச்சரிக்கை அனுப்பியதால் புதிய மாணவர்களும் பெற்றோரும் அலறி ஓடினர். இன்னொரு சிக்கல், குற்றவாளியின் அடையாளமாக நிறத்தையும் உயரத்தையும் மட்டும் சொல்லும் அறிவிப்புகள். அவை அந்த நிறத்தைச் சேர்ந்த மாணவர் அனைவரையும் சந்தேகத்துக்கு உள்ளாக்குகின்றன என்ற எதிர்ப்பு எழுந்ததால், ஒருவரை இன்னார் என்று பிரித்தறியும் அளவுக்கு விவரம் இருந்தால்தான் உருவ வருணனை தரப்பட வேண்டும் என்று மின்னசோட்டா பல்கலைக்கழகம் போன்றவை 2015-இல் தம் நடைமுறையை மாற்றிக்கொண்டன. சொல்வதற்கும் ஒரு நெறி வேண்டும் என்பதையே இவை காட்டுகின்றன. சொல்லாமல் இருப்பதற்கு இவை சான்றாகா.

இங்கே நிலவும் மௌனம்

தமிழ்நாடு வளாகப் பாதுகாப்பில் பின்தங்கிய மாநிலம் என்று எவரும் சொல்ல முடியாது. 1996-இல் சிதம்பரம் அண்ணாமலை நகரில் மருத்துவ மாணவர் பொன் நாவரசு கொலையுண்டதை அடுத்து, ராகிங்கைத் தடை செய்து 1997-இல் சட்டம் இயற்றப்பட்டது. உச்ச நீதிமன்றம் அமைத்த ராகிங் ஒழிப்புக் குழுவுக்குத் தலைமை ஏற்றவரும் தமிழ்நாட்டைச் சேர்ந்த முன்னாள் சி.பி.ஐ. இயக்குநர் ஆர். கே. ராகவனே, அக்குழுவின் பரிந்துரைகள் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு விதிமுறைகளுக்கு அடித்தளமாயின. பாலியல் துன்புறுத்தல் பற்றிய மானியக் குழுவின் 2015 விதிமுறைகள், பணியாளரும் மாணவரும் இடம்பெறும் உள்ளகப் புகார்க் குழுவை ஒவ்வொரு நிறுவனமும் அமைக்க வேண்டும் என்றும், வந்த புகார்களின் எண்ணிக்கையையும் அவை முடிக்கப்பட்ட விதத்தையும் ஆண்டுதோறும் அறிக்கையாக அனுப்ப வேண்டும் என்றும் கூறுகின்றன.

ஆனால் அந்த அறிக்கை மேல்நோக்கிச் செல்கிறது. அதே விடுதியில் தங்கி, அதே சாலையில் இரவு நூலகத்திலிருந்து திரும்பும் மாணவியை நோக்கி அது வருவதில்லை. ஆபத்து பற்றிய தகவலுக்குப் பதிலாக அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் விடுதி வாயில் அடைக்கப்படும் நேரம் முன்னுக்கு நகர்த்தப்பட்ட செய்திதான். பாதுகாப்பு என்ற பெயரால் பெண்களின் நடமாட்டத்தைக் குறுக்கக் கூடாது என்று மானியக் குழு அமைத்த பணிக்குழுவே 2013-இல் வெளியான சக்ஷம் அறிக்கையில் வலியுறுத்தியது. வயது வந்த ஒருவரை நம்பி உண்மையைச் சொல்வதற்கும், நம்பாமல் அடைத்துவைப்பதற்கும் இடையே ஒரு நிர்வாகம் எதைத் தேர்கிறது என்பதில் அது மாணவரை எப்படி மதிக்கிறது என்பது தெரிந்துவிடுகிறது.

2024 டிசம்பர் 23 இரவு சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில், வெளியிலிருந்து நுழைந்த ஒருவனால் மாணவி ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானார். தொடர்ந்து வந்த நாள்களில், பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் விவரங்கள் அடங்கிய முதல் தகவல் அறிக்கை பொதுவெளியில் பரவியது. சென்னை உயர் நீதிமன்றம் இந்திய காவல் பணியின் பெண் அதிகாரிகள் மூவரைக் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்து, அம்மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்க ஆணையிட்டது. 2025 ஜூன் 2 அன்று சென்னை மகளிர் நீதிமன்றம், 30 ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுள் தண்டனையைக் குற்றவாளிக்கு விதித்தது. ஐந்தே மாதங்களில் விசாரணை முடிந்து தீர்ப்பு வந்தது பாராட்டத்தக்கது. ஆனால் இடம், நேரம், குற்றம் நடந்த விதம், அடைக்கப்படாத வழி என வளாகத்துக்குச் சொல்லப்பட வேண்டியவை ஒருபுறமும், பெயர், முகவரி, தொலைபேசி எண் என ஒருபோதும் வெளியே வரக் கூடாதவை மறுபுறமும் உள்ளன என்ற வேறுபாடு இன்னும் நம் அலுவலகங்களில் படியவில்லை என்பதை அந்நிகழ்வு காட்டியது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின்படி தண்டனைக்குரிய குற்றம்; ஆபத்தை வெளியிடாமல் இருப்பதற்கு இங்கே தண்டனை எதுவும் இல்லை.

ஆபத்தை உரிய நேரத்தில் அறிவிக்கப் பெரும் செலவு ஏதும் தேவையில்லை. மாணவர் ஒவ்வொருவரின் கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் சேர்க்கையின்போதே நிர்வாகத்திடம் தரப்படுகின்றன. கட்டணம் கட்டத் தவறினால் அந்த எண்ணுக்கு நினைவூட்டல் தவறாமல் வருகிறது. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் ஆட்சிமன்றக் குழுக்கள், எச்சரிக்கையை அனுப்பும் அதிகாரத்தை நள்ளிரவிலும் விழித்திருக்கும் பணியிலுள்ள பாதுகாப்பு அலுவலருக்கே எழுத்துமூலம் வழங்கி, வளாகக் குற்றப் பதிவேட்டை நூலகத்தில் எவரும் பார்க்கும்படி வைத்து, ஆண்டுக் கணக்கைச் சேர்க்கைக் கையேட்டிலேயே அச்சிட முன்வர வேண்டும். வரும் கல்வியாண்டில் பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்க்கப் போகும் பெற்றோரும், வேலைவாய்ப்பு விகிதத்தையும் தரவரிசையையும் கேட்கும் அதே மேசையில், கடந்த மூன்று ஆண்டுகளில் இந்த வளாகத்தில் பதிவான குற்றங்கள் எத்தனை, ஓர் ஆபத்து நேர்ந்தால் அதை யார், எத்தனை நிமிடத்தில் எம் பிள்ளைக்குச் சொல்வார் என்று கேட்டு, விடையை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்.